கமடோர் 64: வீட்டுக்கு வந்தவருக்கு எந்த டெமோவைப் போட்டுக் காட்டுவது?

மச்சான் வீட்டுக்கு வந்திருந்தபோது கமடோர் 64 என்ற என் பழைய வீட்டுக் கணினியை மேசையில் வைத்து, பழைய பெட்டி டிவியில் இணைத்து, எனக்குப் பிடித்த டெமோவை ஓடவிட்டேன். டெமோ என்றால், ஒரு கணினியால் என்னவெல்லாம் முடியும் என்று காட்டவே ஆர்வலர்கள் எழுதும், படமும் இசையும் சேர்ந்த புரோகிராம். அவர் மரியாதைக்காகப் பத்து நிமிடம் பார்த்தார். முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு. இந்த டிஸ்க்ல வீடியோ ஏத்தி வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

தப்பு அவர் மேல் இல்லை. கையில் இருக்கும் போனிலேயே இதைவிடப் பளபளப்பான படம் ஓடுகிறது. பழைய கணினியில் ஓடும் டெமோ ஒருவரை அசத்த வேண்டுமானால், அந்தக் கணினியால் எவ்வளவு குறைவாகத்தான் முடியும் என்பது அவருக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். அதன்பிறகு எனக்கு டெமோவைத் தேர்ந்தெடுக்கும் கணக்கே மாறிவிட்டது. ரசிகர்களின் வரிசைப் பட்டியலில் முதலிடம் எதற்கு என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் யார், அவர் எதை நம்பிக்கொண்டு பார்க்கப்போகிறார் என்றுதான் இப்போது யோசிக்கிறேன்.

பெட்டியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1982-இல் வந்தது. நினைவகம் 64 கிலோபைட். வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் வரும் ரோஜாப்பூ வணக்கப் படமே அதைவிடப் பெரிதாக இருக்கும். 6510 என்ற செயலி வினாடிக்குப் பத்து லட்சத்துக்குச் சற்றே குறைவான துடிப்புகளில் ஓடுகிறது. படத்துக்கு விக்-2 என்ற சிப், ஒலிக்கு சிட் என்ற சிப். மொத்தம் 16 நிறங்கள்தான், அதில் ஒன்றைக்கூட மாற்ற முடியாது. ஸ்ப்ரைட் எனப்படும் நகரும் உருவங்கள் எட்டு. ஒவ்வொன்றும் 24-க்கு 21 புள்ளி. இவ்வளவுதான் சரக்கு.

இதை வாயால் சொன்னால் யாருக்கும் உறைக்காது. எனவே டெமோவுக்கு முன்னால் வந்தவரையே ஒரு வரி தட்டச்சு செய்யச் சொல்கிறேன். கமடோர் உலகில் பழைய ஒரு வரி பேசிக் புரோகிராம் இருக்கிறது. இடப்பக்கம் சாயும் கோடு, வலப்பக்கம் சாயும் கோடு என்ற இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுத்து அச்சிட்டுக்கொண்டே போகும். திரை முழுவதும் புதிர்வழி போல ஒரு கோலம் விரியும். பார்க்க அழகுதான். ஆனால் ஒவ்வொரு கோடாக, நம் கண் முன்னால் ஊர்ந்து ஊர்ந்து வரும். பேசிக் மொழியில் அந்தக் கணினியின் நடை அவ்வளவுதான் என்பது அவருக்குப் புரிந்துவிடும். இந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகு எந்த டெமோவைப் போட்டாலும் அதன் மதிப்பு ஏறும்.

சரி, தேர்வுக்கு வருவோம். என் மேசையில் நான்கு வகை இருக்கின்றன.

முதலாவது, பூஸ் டிசைன் குழுவின் 'எட்ஜ் ஆஃப் டிஸ்கிரேஸ்'. 2008-இல் நெதர்லாந்தில் நடந்த, டெமோ எழுதுபவர்கள் கூடிப் போட்டியிடும் எக்ஸ் சந்திப்பில் முதல் பரிசு பெற்றது. பல ஆண்டுகள் ரசிகர் பட்டியல்களில் உச்சியிலேயே இருந்தது. மச்சானுக்கு நான் போட்டுக் காட்டியதும் இதைத்தான். இதன் பலம் ஒரு குறிப்பிட்ட வித்தையில் இல்லை, ஓட்டத்தில் இருக்கிறது. ஒரு காட்சி முடிந்து திரை கறுத்து, டிஸ்க் கரகரத்து, அடுத்த காட்சி வரும் என்ற பழைய கதை இங்கே கிடையாது. ஒன்று கரைந்து மற்றொன்றாகிறது, இசை விடாமல் போகிறது. பின்னணியில் டிஸ்க்கிலிருந்து அடுத்த பகுதி ஏறிக்கொண்டே இருக்கிறது.

அந்தக் கடைசி விஷயம் எவ்வளவு பெரிய காரியம் என்று கமடோர் வைத்திருந்தவருக்குத் தெரியும். கமடோரின் 1541 டிஸ்க் டிரைவ் வினாடிக்குச் சுமார் 400 பைட் வேகத்தில்தான் கொடுக்கும். ஒரு பக்கத்தில் இருக்கும் 170 கிலோபைட்டையும் அந்த வேகத்தில் ஏற்ற ஏழு நிமிடம் ஆகும். ஆனால் அந்த டிரைவுக்குள்ளேயே தனியாக ஒரு செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் இருக்கின்றன. டெமோ எழுதுபவர்கள் தங்கள் சொந்த ஏற்றும் நிரலை அந்த டிரைவுக்குள் அனுப்பி, அதைப் பல மடங்கு வேகமாக வேலை வாங்குகிறார்கள். இதே சமாச்சாரம் பின்னால் நமக்கு ஒரு தலைவலியாகவும் வரும், சொல்கிறேன்.

இந்த டெமோ யாருக்கு? அந்தக் காலத்தில் இந்தக் கணினியைத் தொட்டவர்களுக்கு. "இது இதிலேயா ஓடுது?" என்று அவர்கள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம் நீளம். டிஸ்க்கைத் திருப்பிப் போடவும் வேண்டும்.

இரண்டாவது வகை, அளவிலேயே நேர் எதிர். ஸ்வீடனைச் சேர்ந்த லினஸ் ஓகெசன் எழுதிய 'எ மைண்ட் இஸ் பார்ன்'. 2017-இல் ஜெர்மனியின் ரிவிஷன் சந்திப்பில், பழைய கணினிகளுக்கான 4 கிலோபைட் போட்டியில் முதலிடம் பெற்றது. போட்டி விதி 4096 பைட் வரை அனுமதித்தது. இவர் கொண்டுவந்தது 256 பைட். அதற்குள் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஓடும் இசை, அதற்கேற்ப வளர்ந்து மாறும் கோலங்கள், ஆரம்பம், முடிவு எல்லாம் இருக்கின்றன.

256 பைட் என்றால் எவ்வளவு? தமிழ் வாசகருக்கு இதைச் சொல்ல நல்ல வழி இருக்கிறது. இன்று நாம் இணையத்தில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 'க' என்ற ஒற்றை எழுத்துக்கு 3 பைட். 'கு' என்றால் உகரக் குறியும் சேர்த்து 6 பைட். திருக்குறளின் முதல் குறளை அப்படி எழுதினால் 123 பைட் வருகிறது, நான் எண்ணிப் பார்த்தேன். ஆக, இரண்டு குறள் எழுதும் இடத்தில் மனிதர் ஒரு கச்சேரியையே அடக்கியிருக்கிறார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. படம் மட்டும் பார்த்தால் இது எளிமையானது. வண்ணக் கொண்டாட்டம் எல்லாம் இல்லை. 256 என்ற எண்ணைச் சொல்லாமல் ஓடவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சொல்லிவிட்டு ஓடவிட்டால் அறையே அமைதியாகிவிடும். புரோகிராம் எழுதும் வேலையில் இருப்பவர்களுக்கு, அதிலும் ஒரு சாதாரண பொத்தானுக்குப் பல மெகாபைட் நூலகங்களை இழுத்துப்போடும் தலைமுறைக்கு, இதைவிட நல்ல அதிர்ச்சி வைத்தியம் எனக்குத் தெரியாது.

மூன்றாவது வகையில் ஒரு டெமோவைவிட ஒரு வித்தையைக் காட்டுகிறேன்: பார்டரைத் திறப்பது. கமடோரின் படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் ஒரு நிறச் சட்டம் இருக்கும். அங்கே எதையும் வரைய முடியாது, அது சிப்பின் கட்டளை. ஆனால் எண்பதுகளிலேயே அந்தச் சட்டத்துக்குள் எழுத்துகள் மிதக்க ஆரம்பித்துவிட்டன. எப்படி என்றால், விக்-2 சிப் திரையை மேலிருந்து கீழாக ஒவ்வொரு கோடாக வரைந்துகொண்டு வரும். அதற்கு இரண்டு நிலைகள் உண்டு, திரையில் 25 வரி எழுத்து, 24 வரி எழுத்து என்று. 25 வரி நிலையில் கீழ்ச் சட்டத்தை 251-ஆவது கோட்டில் மூட வேண்டும். 24 வரி நிலையில் 247-ஆவது கோட்டில்.

இதை ஒரு அபார்ட்மெண்ட் வாட்ச்மேனாக நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கேட் மூடும் நேரம் 251 என்று சொல்லியிருக்கிறோம். 247 கடந்துபோகிறது, அவர் சும்மா இருக்கிறார். சரியாக 249-இல் ஓடிப்போய், "இன்றிலிருந்து மூடும் நேரம் 247" என்கிறோம். அவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். 247 ஏற்கெனவே போய்விட்டது, 251-க்கு மூடச் சொல்லி இப்போது உத்தரவு இல்லை. விடிய விடிய கேட் திறந்தே கிடக்கிறது. வினாடிக்கு 50 முறை இந்த ஏமாற்று வேலையைச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். மேல் கீழ் சட்டங்களுக்கு இது போதும். இடம் வலம் என்றால் ஒவ்வொரு கோட்டிலும் செய்ய வேண்டும். ஒரு கோட்டுக்குக் கிடைப்பது 63 துடிப்புகள். அதில் ஒன்று தப்பினாலும் கேட் மூடிவிடும்.

பொறியியல் படித்தவர்கள், மின்னணு வேலை தெரிந்தவர்கள் வந்தால் இதைத்தான் காட்டுவேன். பார்டர் திறக்கும் சின்ன டெமோக்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன, எதையும் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே சாதாரண பேசிக் திரையைக் காட்டிவிட்டு, "இந்த நீலச் சட்டத்துக்குள் ஏதாவது எழுத முடியுமா பாருங்கள்" என்று விட்டுவிட வேண்டும். அவர்கள் தோற்றபிறகு டெமோ.

இதே இனத்தில் எஃப்.எல்.ஐ. படங்களும் உண்டு. நிறத் தகவலை எட்டுக் கோட்டுக்கு ஒருமுறைதான் சிப் எடுத்துக்கொள்ளும். அதை ஏமாற்றி ஒவ்வொரு கோட்டிலும் எடுக்கவைத்தால் படத்தில் நிறங்கள் நெருக்கமாக உட்காரும். விலை என்ன தெரியுமா? ஒவ்வொரு கோட்டிலும் செயலியின் 63 துடிப்பில் 40-ஐ சிப் பிடுங்கிக்கொள்ளும். படத்தின் இடது ஓரத்தில் 24 புள்ளி அகலத்துக்கு ஒரு பட்டை பாழாகும். நல்ல ஓவியர்கள் அந்தப் பட்டையை ஸ்ப்ரைட் போட்டு மூடிவிடுவார்கள், அல்லது சாம்பல் நிறமாக அப்படியே விட்டுவிடுவார்கள். படம் அழகாகவே இருக்கும். ஆனால் ஓவியத்தை ரசிக்கத் தெரிந்தவருக்குக்கூட இது 'ஒரு படம்' மட்டும்தான். அசையாத படத்தால் இன்றைக்கு யாரையும் அசைக்க முடியாது என்பது என் அனுபவம்.

நான்காவது, கமடோர் 64-க்கு அடுத்த தலைமுறைக் கணினியான அமிகாவை வைத்திருந்தவர்களுக்கென்றே ஒன்று. டென்மார்க்கின் கெஃப்ரென்ஸ் குழு 1993-இல் அமிகாவுக்காக 'டெசர்ட் ட்ரீம்' செய்தது. நார்வேயின் கேதரிங் சந்திப்பில் வென்ற டெமோ அது. அதையே 2007-இல் க்ரோம் என்ற குழு கமடோர் 64-க்கு மாற்றி எழுதியது. அமிகா 16-பிட் கணினி, பட வேலைகளுக்குத் தனி உதவிச் சிப்கள் உள்ளது. அதற்கே அந்தக் காலத்தில் மூச்சு வாங்கவைத்த டெமோவை, அதற்கு முந்தைய தலைமுறைப் பெட்டியில் காட்டுகிறோம். மூலத்தைப் பார்த்தவருக்கு ஒவ்வொரு காட்சியும் ஒரு பந்தயம்: "அடுத்தது வருமே, அதை எப்படிச் செய்திருப்பான்?" பார்க்காதவருக்கு இதில் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த வட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் இரண்டே பேர். ஆகவே இந்த டிஸ்க் பெரும்பாலும் உறையிலேயே தூங்குகிறது.

அமிகா என்றதும் நினைவுக்கு வருகிறது. 1984 ஜனவரியில் சி.இ.எஸ். கண்காட்சியில் அதன் முன்மாதிரியில் காட்டிய துள்ளும் பந்து, டெமோ காட்டுபவர்கள் எல்லோருக்கும் பாடம். சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட பந்து சுழன்றுகொண்டே துள்ளும். டேல் லக், ஆர்.ஜே. மைக்கல் இருவரும் எழுதியது. மேசைக்கு அடியில் வேறு பெரிய கணினி ஒளிந்திருக்கிறதா என்று வந்தவர்கள் தேடினார்களாம். உண்மையில் அது செயலிக்குக் கொசுக்கடி மாதிரி. பந்து சுழல்வது நிறப் பட்டியலை மாற்றுவதால், துள்ளுவது படத்தளத்தை நகர்த்துவதால். பார்ப்பவருக்குப் பெரிதாகத் தெரிவது ஒன்று, எழுதுபவருக்குக் கடினமாக இருப்பது வேறொன்று. எட்ஜ் ஆஃப் டிஸ்கிரேஸ் போட்டு நான் மச்சானிடம் தோற்றதும் இந்த இடத்தில்தான்.

விவரம் தெரிந்தவர்கள் 'ஃப்ரீஸ்பின்' என்ற டெமோவைப் பற்றிக் கேட்பீர்கள். ரிஃப்ளெக்ஸ் குழு 2021-இல் வெளியிட்டது. இதில் கமடோருக்கு வேலையே இல்லை. டெமோவை டிஸ்க் டிரைவுக்குள் ஏற்றிவிட்டு, கேபிளைக் கழற்றி டிரைவை நேராகத் திரையோடு இணைக்க வேண்டும். டிரைவே கறுப்பு வெள்ளைப் படம் காட்டும், தன் மோட்டாரை உறுமவைத்து இசையும் போடும். கேட்கவே பைத்தியக்காரத்தனமாக இருக்கிறது அல்லவா, எனக்கும் மிகப் பிடித்தது. ஆனால் அதற்கு மாற்றிச் செய்த கேபிள் வேண்டும், விருந்தாளி முன்னால் பிளக் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதோடு நாம் காட்ட வந்தது கணினியை, அதன் டிரைவை அல்ல.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் உங்களிடம் இருக்கும் சாமான் அதை ஓட்டுமா என்று முதலில் பாருங்கள். பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

பெரிய டெமோக்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் எழுதப்பட்டவை, எனவே பால் முறைக் கணினிக்கானவை. குடிக்கிற பால் இல்லை, இந்தியத் தொலைக்காட்சிகளும் பின்பற்றிய அந்த 50 ஹெர்ட்ஸ் ஒளிபரப்பு முறை. அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர்கள் பாசத்தோடு அனுப்பிய கமடோர் என்றால் அது என்.டி.எஸ்.சி. அதில் திரைக்கு 312 கோடு இருக்காது, ஒரு கோட்டுக்கு 63 துடிப்பும் இருக்காது. வாட்ச்மேனிடம் 249-இல் ஓடியதுபோல எண்ணி எண்ணி எழுதிய நிரல்கள் அங்கே குலைந்துபோகும். மின்சாரமும் 120 வோல்ட் கணக்கு, நம் பிளக்கில் நேராகச் செருகினால் கதை முடிந்தது. ஜெர்மனியிலிருந்தோ பிரிட்டனிலிருந்தோ வந்த பெட்டி என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எந்த நாட்டுப் பெட்டியானாலும் பழைய மூல பவர் சப்ளையை நம்ப வேண்டாம். அதிலுள்ள 5 வோல்ட் ரெகுலேட்டர் கெட்டுப்போகும்போது கூடுதல் மின்னழுத்தத்தை உள்ளே விட்டு நினைவகச் சிப்களைக் கொன்றுவிடும். புதிதாகச் செய்த மாற்று சப்ளைகள் கிடைக்கின்றன, டெமோ தேடுவதற்கு முன் அதை வாங்குங்கள்.

அடுத்தது நான் சொன்ன தலைவலி. நிறையப் பேர் டிஸ்க் டிரைவுக்குப் பதில் எஸ்.டி. கார்டு செருகும் சின்னக் கருவியான எஸ்.டி.2.ஐ.இ.சி. வைத்திருக்கிறார்கள். மலிவு, விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் அதற்குள் 1541-இன் செயலி இல்லை. டெமோ அனுப்பும் ஏற்றும் நிரலுக்கு அங்கே ஓட இடமில்லாததால் எட்ஜ் ஆஃப் டிஸ்கிரேஸ் மாதிரியானவை தொடக்கத்திலேயே நின்றுவிடும். உண்மையான 1541 வேண்டும், அல்லது அதை முழுதாகப் போலச்செய்யும் 1541 அல்டிமேட், பை1541 போன்றவை வேண்டும். எ மைண்ட் இஸ் பார்னுக்கு இந்தக் கவலை இல்லை. ஒரே ஒரு குட்டிக் கோப்பு, எதிலிருந்தும் ஏறும். கையில் எஸ்.டி. கருவி மட்டும்தான் என்றால் மேலே சொன்ன ஒப்பீட்டையெல்லாம் மறந்துவிட்டு அதையே போடுங்கள்.

திரை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பழைய குழாய் டிவிதான். புது எல்.சி.டி. டிவிகள் சில கமடோரின் சிக்னலைப் புரிந்துகொள்ளாமல் நடுங்கும். இரண்டு படங்களை மாற்றி மாற்றிக் காட்டிப் புது நிறம் வரவைக்கும் வித்தை எல்.சி.டி.யில் வெறும் துடிப்பாகத் தெரியும். குழாய் டிவியில் அது ஓரளவு கலந்து, அடுத்தடுத்த கோடுகளின் நிறங்களும் ஒன்றோடொன்று இழைந்து மென்மையாகும். இடமில்லை, மனைவி சம்மதிக்கவில்லை என்றால் எல்.சி.டி.யே போதும். அப்படியானால் நிறக்கலவையை நம்பியிருக்கும் டெமோக்களைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒலியிலும் ஒரு நுட்பம் உண்டு. சிட் சிப் 6581, 8580 என்று இரண்டு வகை. இரண்டின் ஃபில்டர்களும் வேறுவிதமாக ஒலிக்கும். எந்தச் சிப்புக்காக இசை அமைத்தது என்று டெமோவுடனேயே பெரும்பாலும் சொல்லியிருப்பார்கள். மாறினால் குடி முழுகாது, குரல் கட்டிய பாடகர் மாதிரி இருக்கும். இதைவிட முக்கியம், வி.எஸ்.பி. என்ற திரை நகர்த்தும் வித்தை. அதைப் பயன்படுத்தும் டெமோக்கள் சில கமடோர்களில் மட்டும் காரணமில்லாமல் நின்றுபோகும். உண்மையில் காரணம் உண்டு: நினைவகத்தைப் புதுப்பிக்கும் நேரக் கணக்கில் இந்த வித்தை குறுக்கிடுகிறது, ஒரு பெட்டி தாங்கும், இன்னொன்று தாங்காது. ஆகவே கமடோரைப் போலச்செய்யும் எமுலேட்டர் புரோகிராமில் நன்றாக ஓடியது என்று நம்பி ஆட்களைக் கூப்பிட்டுவிட வேண்டாம். உங்கள் பெட்டியிலேயே, அது நன்றாகச் சூடான பிறகு, இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள்.

குழந்தைகளைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பத்து வயதுப் பிள்ளைக்கு எந்த டெமோவும் வேண்டாம். ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்து ஒரு விளையாட்டைப் போடுங்கள். கையால் ஆட்ட முடியாத படத்தை அவர்கள் மூன்று நிமிடம்கூடப் பார்க்க மாட்டார்கள்.

இப்போது என் வீட்டில் நடக்கும் வரிசை இதுதான். முதலில் வெறும் நீலத் திரை. '38911 பைட் மீதி' என்று அது காட்டும் வரியை வந்தவரே படிக்க வேண்டும். பிறகு அவர் கையாலேயே அந்த ஒரு வரி புரோகிராம். அப்புறம் 256 பைட் என்று சொல்லி எ மைண்ட் இஸ் பார்ன். வந்தவர் பொறியாளர் என்றால் நடுவில் பார்டர் வித்தை, இல்லையென்றால் அது வேண்டாம். கடைசியில்தான் எட்ஜ் ஆஃப் டிஸ்கிரேஸ், அதுவும் டிஸ்க்கைத் திருப்பச் சொல்லும் இடம் வரைக்கும் மட்டும். அங்கே நான் எழுந்து காபி போடப் போய்விடுவேன். திரும்பி வரும்போது யாராவது டிஸ்க்கைத் திருப்பிப் போட்டிருந்தால் மீதியும் ஓடும். சென்ற முறை மச்சான் போட்டிருந்தார், தலைகீழாக.